பிள்ளையின் வயதும் எடையும்: அமெரிக்கச் சிறுவர் ஃபுட்பால் லீக்கில் சேர்க்கும் முன்

ஜூலை 31. அமெரிக்காவில் பிள்ளையை டேக்கிள் ஃபுட்பாலில் சேர்க்க நினைக்கிற பெற்றோர் காலண்டரில் முதலில் வட்டம் போட வேண்டிய நாள் இதுதான். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பாப் வார்னர் அமைப்பில், அந்த நாளில் பிள்ளைக்கு எத்தனை வயது நிறைந்திருக்கிறதோ அதுவே சீசன் முழுவதற்கும் அவன் வயது. 2016 ஜூலை 30 அன்று பிறந்தவன் 2026 சீசனில் பத்து வயதுக்காரன். ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவன் ஒன்பது வயதுக்காரன். பயிற்சி தொடங்கும் நாளிலேயே அவனுக்குப் பத்து முடிந்துவிடும், ஆனாலும் கடைசி ஆட்டம் வரை லீக்கின் கணக்கில் ஒன்பதுதான். எல்லா லீக்கும் இதே நாளைப் பிடிப்பதில்லை. சில லீக்குகள் செப்டம்பர் 1 என்கின்றன, சில வயதை விட்டுவிட்டுப் பள்ளி வகுப்பைப் பார்க்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் எந்தப் பிரிவில் ஆடுகிறான் என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் லீக்கின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தைத் திறந்து கட்-ஆஃப் தேதியைப் பாருங்கள்.

இங்கே ஃபுட்பால் என்று நான் சொல்வது ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்க ஆட்டத்தை. நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் கால்பந்தில் பிள்ளையின் எடையை யாரும் கேட்பதில்லை. ஆனால் கபடிப் போட்டி நோட்டீஸில் ‘55 கிலோ’, ‘65 கிலோ’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் உடனே புரியும். ஆளைப் பிடித்து வீழ்த்தும் ஆட்டத்தில் எடைக்கு எடை சரியாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பன்னிரண்டு வயதுப் பையன்களை வரிசையாக நிற்க வைத்தால், நடுவில் நிற்பவன் சுமார் 40 கிலோ இருப்பான். மெலிந்த முனையில் 30 கிலோக்காரன், கனத்த முனையில் 60 கிலோக்காரன், மூவருக்கும் ஒரே வயது. ஒருவனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்கு அந்த வளர்ச்சி தொடங்கவே இன்னும் இரண்டு வருடம் இருக்கும். இருவரும் ஒரே வேகத்தில் எதிரெதிரே ஓடி வந்து மோதினால் பெரியவனின் உந்தம் சின்னவனுடையதைப் போல இரண்டு மடங்கு. சின்னவன் பின்னால் தூக்கி எறியப்படுவான். அவன் கழுத்தும் தலையும் எப்படி அசையும் என்பது யார் கையிலும் இல்லை.

பாப் வார்னரின் தொடக்கம் 1929-இல், பிலடெல்பியாவில். ஜோ டாம்லின் என்பவர் தொடங்கிய அந்தச் சிறுவர் லீக்குக்கு 1934-இல், புகழ்பெற்ற கல்லூரிப் பயிற்சியாளர் கிளென் ‘பாப்’ வார்னரின் பெயரை வைத்தார்கள். வயதையும் எடையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை நீண்டகாலம் அந்த அமைப்பின் அடையாளமாகவே இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தால் வேறு எந்த லீக்கின் அட்டவணையும் புரியும் என்பதால், முன்பு நடைமுறையில் இருந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஜூனியர் பீவீ பிரிவு: 8, 9, 10 வயது, எடை 60 முதல் 105 பவுண்டு (ஒரு கிலோ என்பது 2.2 பவுண்டு). அதன் கீழேயே இன்னொரு வரி: 11 வயது, எடை 60 முதல் 85 பவுண்டு. இன்று பிரிவுகளின் பெயர்கள் 8யூ (எட்டு வயதும் அதற்குக் கீழும்), 10யூ, 12யூ என்று மாறிவிட்டன, எண்களும் பலமுறை மாறியிருக்கின்றன. ஆகவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

முதலில் கீழ் வரம்பு. 55 பவுண்டு இருக்கும் எட்டு வயதுப் பையனுக்கு வயது சரிதான், ஆனால் அவன் இந்தப் பிரிவுக்கு வர முடியாது; இதற்குக் கீழே உள்ள பிரிவில்தான் ஆட வேண்டும். மேல் வரம்பைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். ஒல்லியான பிள்ளையைப் பெற்றவர்கள் கீழ் வரம்பையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த இரண்டாவது வரி. லீக்குகளில் இதற்கு ‘ஓல்டர்-லைட்டர்’ என்று பெயர். வயது ஒன்று கூடியிருந்தாலும் எடை குறைவாக இருக்கும் பிள்ளை, சின்னவர்களோடு ஆடலாம் என்ற சலுகை. எடையில் அவனுக்கு 20 பவுண்டு குறைவாக வரம்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: வயதில் ஒரு வருடம் கூடினால் எலும்பிலும் தசையிலும் ஆட்ட அறிவிலும் கிடைக்கும் அனுகூலத்துக்கு ஈடாகத்தான் அந்தக் கழிவு. ஒல்லியான பிள்ளையை முதல் முறையாகச் சேர்ப்பவர்கள் இந்தச் சலுகை தங்கள் லீக்கில் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், 80 பவுண்டுப் பிள்ளையை அவனைவிட ஒன்றரை மடங்கு கனமானவர்கள் நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த அட்டவணை முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது கனமான பிள்ளையை மேலே தள்ளுகிறது. ஒன்பது வயதில் 125 பவுண்டு இருக்கும் பையனைப் பன்னிரண்டு வயதுக்காரர்களோடு சேர்த்துவிட்டால் தராசு சமமாகத் தெரியும், மைதானத்தில் சமம் இருக்காது. பன்னிரண்டு வயதுக்காரனின் எடையில் தசை இருக்கிறது, வேகம் இருக்கிறது, மூன்று வருட ஆட்டப் பழக்கம் இருக்கிறது. ஒன்பது வயதுக்காரனுக்கு உடம்பு மட்டும்தான் பெரிது. எலும்பும் மனசும் ஒன்பதுதான். கூட்டாளிகள் எல்லோரும் ஒரு அணியில், இவன் மட்டும் வேறு அணியில், அதுவும் எடையைக் காரணம் காட்டி. பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான் ஒரே சீசனில் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். உடம்பை அசைத்து ஆடுவதால் அதிக நன்மை பெறக்கூடியவர்களும் அவர்களே.

இதற்காகத்தான் பல லீக்குகள் வயதை மட்டும் வைத்துப் பிரித்துவிட்டு, எடைக்கு வேறொரு வழி வைத்திருக்கின்றன: ஹெல்மெட்டில் பட்டை. ஒவ்வொரு பிரிவுக்கும் ‘பந்து தூக்குபவர் எடை’ என்று ஒரு எண் இருக்கும். அதற்கு மேல் எடை உள்ள பிள்ளையின் ஹெல்மெட்டின் நடுவில் முன்னிருந்து பின்னாக நிறப் பட்டை ஒட்டுவார்கள். ஸ்ட்ரைப்பர் என்பார்கள், சில ஊர்களில் எக்ஸ்-மேன். அவன் தன் வயதுப் பிள்ளைகளோடேயே ஆடலாம், ஆனால் லைனில் மட்டும், அதாவது இரு அணியும் எதிரெதிரே அணிவகுத்து நிற்கும் முன்வரிசையில். நம் அணியிடம் பந்து இருக்கும்போது சென்டர், கார்டு, டேக்கிள் ஆகிய இடங்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது தடுப்பு லைன். பந்தை எடுத்துக்கொண்டு அவன் ஓடக் கூடாது. கீழே விழுந்த பந்தை அவன் கைப்பற்றினால் பந்து அவன் அணிக்குக் கிடைக்கும், ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். எதிரணி வீசிய பந்தைப் பிடித்தாலும், உதைத்து வந்த பந்தை எடுத்தாலும் அப்படியே.

என் அபிப்பிராயத்தில் இருக்கிற வழிகளில் இதுவே சிறந்தது. மோதலின் கடுமை எடையோடு நேர் விகிதத்தில் கூடுகிறது, வேகத்தோடு அதன் வர்க்கமாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. லைனில் எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடையே ஒரு கஜ தூரம்கூட இருக்காது, அங்கே வேகம் எடுக்க இடமே இல்லை. கனமான பையன் திறந்த வெளியில் பந்தோடு இருபது கஜம் ஓடி வந்து 65 பவுண்டுப் பிள்ளையை இடிப்பதுதான் ஆபத்து, அதைப் பட்டை தடுத்துவிடுகிறது. 2012-இல் பாப் வார்னர் பயிற்சியில் கொண்டுவந்த கட்டுப்பாட்டிலும் இதே காரணம்தான் வேலை செய்கிறது: மூன்று கஜத்துக்கு மேல் இடைவெளி விட்டு நேருக்கு நேர் முழு வேகத்தில் மோதும் பயிற்சி கூடாது. 2016-இல் சிறிய பிரிவுகளில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃபையே நீக்கினார்கள். ஆட்டத்திலேயே மிக நீண்ட ஓட்டத்துக்குப் பின் மோதல் நடப்பது அங்கேதான்.

பட்டை விதியில் தகராறு எழுவது நுணுக்கங்களில். தடுப்பு லைனில் பட்டைக்காரன் கையை ஊன்றித்தான் நிற்க வேண்டுமா, நிமிர்ந்து நிற்கலாமா? லைனின் ஓரத்தில் நின்று பந்தையும் பிடிக்கக்கூடிய டைட் எண்டாக ஆடலாமா? பந்தை உதைக்க விடலாமா? லீக்குக்கு லீக் பதில் வேறு. கோச்சிடம் வாய்ப் பேச்சாகக் கேட்டு விட்டுவிடாமல் விதியை வாசித்துவிடுங்கள். பட்டை ஒட்டுவது ஒரு தண்டனை மாதிரி பிள்ளைக்குத் தோன்றாமல் பார்த்துக்கொள்வதும் பெரியவர்கள் பொறுப்பு. லைன்மேன் இல்லாமல் ஒரு கஜம்கூட நகர முடியாது என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

எடை பார்ப்பதில் இரண்டு வகை. சில லீக்குகள் சீசனுக்கு முன்னால் ஒரே முறை பார்த்துச் சான்று கொடுத்துவிடும். சில ஒவ்வொரு ஆட்ட நாளும் பார்க்கும். என்ன உடையில் என்பதை முதலில் கேளுங்கள். டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸுமா, அல்லது முழுக் கவசத்தோடா? ஹெல்மெட் மட்டுமே மூன்று, நான்கு பவுண்டு வரும். தோள் கவசம், பேண்ட், பேட், ஷூ எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு முதல் பத்து பவுண்டு. இது தெரியாமல் வீட்டில் ஷார்ட்ஸோடு 98 பவுண்டு பார்த்துவிட்டு, கவசத்தோடு 105 என்று வரம்பு வைத்திருக்கும் லீக்குக்குப் போனால் அங்கே 107 காட்டும்.

வீட்டு எடை மெஷினைக் குளியலறைத் தரையிலோ சிமெண்டுத் தரையிலோ சமமாக வையுங்கள். கார்ப்பெட் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். மைதானத்தில் புல் மேலோ ரப்பர் பாய் மேலோ வைத்துப் பார்த்தால் நீங்கள் மரியாதையாக மறுப்புத் தெரிவிக்கலாம். கெட்டியான பலகையைக் கீழே போடச் சொல்லலாம். மெஷின் சரியா என்று பார்க்க, எடை தெரிந்த ஜிம் பிளேட் ஒன்றை ஏற்றிப் பார்த்தால் போதும், நல்ல லீக்குகள் அதைச் செய்கின்றன. கிலோவில் நினைத்துப் பழகியவர்கள் 2.2-ஆல் பெருக்குங்கள்: 45 கிலோ என்றால் 99 பவுண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலே 2.2 பவுண்டு கூடும். காலையில் எழுந்தவுடன் பார்த்த எடையும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் எடையும் ஒன்றாக இருக்காது. வரம்புக்கு ஒரு பவுண்டு கீழே இருக்கிறான் என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

சீசனுக்குள் அவன் வளரவும் செய்வான். பத்து, பதினோரு வயதில் ஆண்டுக்கு நான்கைந்து கிலோ ஏறுவது இயல்பு. வளர்ச்சி வேகமெடுக்கும் பதின்மூன்று, பதினான்கில் ஒரே ஆண்டில் எட்டு ஒன்பது கிலோ ஏறலாம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான காலத்துக்குக் கணக்குப் போட்டால் சின்னவனுக்கு மூன்று, நான்கு பவுண்டு, பெரியவனுக்கு ஆறு பவுண்டு வரை. இதற்காகவே பல லீக்குகள் வாரத்துக்கு ஒரு பவுண்டு வீதம் வரம்பை உயர்த்திக்கொண்டே போகும் சலுகை வைத்திருக்கின்றன. உங்கள் லீக்கில் அது இல்லையென்றால், ஜூலையில் வரம்புக்கு ஐந்தாறு பவுண்டு கீழே இல்லாத பிள்ளையை அந்தப் பிரிவில் போடாதீர்கள். அக்டோபரில் எடை மீறி வெளியே நிற்பது, தொடக்கத்திலேயே மேல் பிரிவில் சேர்வதைவிடப் பிள்ளைக்கு மிகவும் வேதனை தரும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். எடை குறைத்துப் பிரிவுக்குள் நுழைக்கும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். கோச் சொன்னாலும் செய்யாதீர்கள். முதல் நாள் இரவு சாப்பாட்டை நிறுத்துவது, தண்ணீரைக் குறைப்பது, பிளாஸ்டிக் உடை போட்டு ஓட விடுவது, காரில் ஹீட்டரைப் போட்டு வியர்க்க வைப்பது, பேதி மருந்து கொடுப்பது: இவை எல்லாம் சிறுவர் லீக்குகளைச் சுற்றி நடக்கின்றன. நூறு பவுண்டுப் பிள்ளை இரண்டு பவுண்டு நீரை இழந்தாலே உடம்பின் நூற்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த அளவிலேயே இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும், உடம்பு சூட்டை வெளியே தள்ளும் திறன் குறையும். அதற்கு மேல் ஆகஸ்ட் வெயிலில் ஹெல்மெட்டையும் கவசத்தையும் மாட்டி ஓட விட்டால் வெப்பத் தாக்குதலுக்கு வேறெதுவும் தேவையில்லை. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளின் மல்யுத்த வீரர்கள் மூவர், எடைப் பிரிவுக்காக வேகமாக வியர்வை வெளியேற்றும்போது அடுத்தடுத்து இறந்துபோனார்கள். வளர்ந்த, பயிற்சி பெற்ற உடம்புகள் அவை. அதன் பிறகுதான் கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையும் சானாவும் தடை செய்யப்பட்டன.

எடை வரம்பை ஒழுங்காக நடத்த முடியும் என்பதற்கும் கல்லூரியிலேயே உதாரணம் உண்டு. 1934-இல் 150 பவுண்டு லீக்காகத் தொடங்கிய ‘ஸ்பிரிண்ட் ஃபுட்பால்’ இன்றும் நடக்கிறது. வரம்பு 178 பவுண்டு. ஆனால் தராசு மட்டும் போதாது: உடம்பில் குறைந்தது ஐந்து சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பட்டினி போட்டு உள்ளே வருபவனை அது நிறுத்துகிறது. பத்து வயதுப் பிள்ளைகளை எடை பார்க்கும் லீக்குகளில் இப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. வீடுதான் அந்தப் பாதுகாப்பு.

பிள்ளை வரம்புக்கு மேலே இருந்தால் செய்யக் கூடியவை பல. பட்டை முறை உள்ள லீக்கைத் தேடலாம். எடை வரம்பற்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். மேல் பிரிவில் சேர்ப்பதானால் முதல் மாதப் பயிற்சியை நீங்களே நின்று பார்க்க வேண்டும். அல்லது ஒரு வருடம் ஃபிளாக் ஃபுட்பால் ஆடவிடலாம். இடுப்பில் கட்டிய துணிப் பட்டையை உருவினால் போதும், ஆளை வீழ்த்த வேண்டியதில்லை, எடையும் பார்க்க மாட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஃபுட்பாலும் ஃபிளாக்தான்.

இனி காகிதங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல் அதிகம். இந்தியப் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எண்களாக இருக்கும். 05/08/2016 என்று இருந்தால் நமக்கு அது ஆகஸ்ட் 5. சான்றுகளைச் சரிபார்க்கும் அமெரிக்கத் தன்னார்வலருக்கு அது மே 8. கட்-ஆஃப் ஜூலை 31 என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை அந்த நொடியிலேயே பத்து வயதாகிவிடுகிறான், பிரிவும் மாறிவிடுகிறது. இதற்கு எளிய வழி, மாதத்தை எழுத்தில் போட்ட ஓர் ஆவணத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அமெரிக்க விசா ஒட்டியிருக்கும் பக்கத்தில் பிறந்த தேதி மாதப் பெயரோடு இருக்கும், அமெரிக்க பாஸ்போர்ட்டிலும் அப்படியே. பதிவுப் படிவத்தில் நீங்கள் நிரப்பியது மாதம் முதலில், நாள் அடுத்து என்ற வரிசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கை பழக்கத்தில் மாறிப்போகும்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லாமல் இருப்பது இன்னொன்று. மருத்துவமனையில் பெயர் வைக்கும் முன்பே பதிந்த சான்றுகளில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பதிவு செய்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டிய வேலை, ஜூலை கடைசி வாரத்தில் முடியாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால், பள்ளி ரிப்போர்ட் கார்டு, மருத்துவச் சான்று, லீக் படிவம் மூன்றிலும் அதே பெயர் அதே எழுத்தில் இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனை அதே காலண்டர் ஆண்டில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். போன அக்டோபரில் பள்ளிக்காக எடுத்தது செல்லாது. விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆகஸ்ட் நடுவில் திரும்பும் பிள்ளையும், கவசம் போடுவதற்கு முன்னான உடற்பயிற்சி நேரத்தை முதலிலிருந்து முடிக்க வேண்டும். பாப் வார்னரில் அது பத்து மணி நேரம். அதில் சலுகை கேட்காதீர்கள், வெயிலுக்கு உடம்பு பழகுவதற்காக வைத்தது அது.

வயதில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பேஸ்பால் உதாரணம் ஒன்று போதும். 2001-இல் லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் உலகத் தொடரில் நியூயார்க் பிராங்க்ஸ் அணி மூன்றாம் இடம் பிடித்தது. அதன் நட்சத்திரப் பந்து வீச்சாளனுக்குப் பன்னிரண்டு இல்லை, பதினான்கு என்று பிறகு தெரிந்தது. சான்றிதழைத் திருத்தியது பெரியவர்கள், அணியின் வெற்றிகள் அத்தனையும் அழிக்கப்பட்டன, உலகம் முழுக்கப் பெயர் கெட்டது பிள்ளைக்கு. சிறுவர் ஃபுட்பாலிலும் தகுதியில்லாத ஒருவன் ஆடியது நிரூபணமானால் அவன் ஆடிய ஆட்டங்களை அணி இழக்க நேரும்.

வகுப்பை வைத்துப் பிரிக்கும் லீக்குகளில் பிள்ளையை வேண்டுமென்றே ஒரு வருடம் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் பெற்றோரும் உண்டு. எனவே அங்கே வகுப்போடு சேர்த்து உச்ச வயதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை பதின்மூன்றரை வயதுக்காரனை எதிர்கொள்வான்.

வயதும் எடையும் உடம்பின் முதிர்ச்சியை முழுதாகச் சொல்வதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை உயர்நிலைப் பள்ளி அணியில் ஆட வேண்டுமானால், மருத்துவர் அவன் பருவ வளர்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும், பிறகு உடல்திறன் தேர்வும் உண்டு. சிறுவர் லீக்கில் அந்த வசதி கிடையாது. ஆனால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் வருடாந்தரப் பரிசோதனையில் இதைக் கேட்கலாம். வளர்ச்சி வளைவில் பிள்ளை எங்கே இருக்கிறான், இந்த ஆண்டு எவ்வளவு ஏறுவான் என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும்.

கட்டணம் கட்டும் முன் லீக்குக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கட்-ஆஃப் தேதி எது, எடை எந்த உடையில், எத்தனை முறை, வாராந்தரச் சலுகை உண்டா, ஓல்டர்-லைட்டர் உண்டா, பந்து தூக்குபவர் எடை எவ்வளவு, எடை மீறினால் மேல் பிரிவில் இடம் உறுதியா, கட்டணம் திரும்பக் கிடைக்குமா. பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சீசன் நடுவில் கோச் மாறினாலும் அந்த மின்னஞ்சல் கையில் இருக்கும்.